மருந்து அடிக்க ஆள் கூப்பிடும் முன்
எலெக்ட்ரானிக் சிட்டியில் மெஸ், பி.ஜி., கடை, சிறு அலுவலகம் நடத்துவோருக்குச் சில குறிப்புகள்

தொட்டதோகூரில், நீலாத்ரி ரோட்டை ஒட்டிய தெருவில் மெஸ் நடத்துகிறேன். சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள். தொடங்கிய புதிதில் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல்காரரை அழைத்தேன். முதுகில் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு சமையலறை முழுக்க அடித்தார், இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். மூக்கை அடைக்கும் வாடை. இத்தனை வாடை வந்தால் நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். நாலாம் நாள், அதுவரை அடுப்படியோடு இருந்த கரப்பான்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டன. ஒரு பையனின் இலைக்குப் பக்கத்திலேயே ஒன்று ஓடியது. அவன் எதுவும் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான், அதன் பிறகு வரவே இல்லை. அந்த நாளுக்குப் பின் கேட்டும் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. முதல் நாள் அவர் கையில் டார்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

"எத்தனை சதுர அடி?" என்று போனிலேயே கேட்டு, அங்கேயே விலையும் சொல்லிவிடுகிறவர் உங்கள் இடத்தைப் பார்க்காமல் விலை சொல்கிறார். நேரில் வரச் சொல்லுங்கள். வந்தவர் முட்டி போட்டு உட்காருகிறாரா, ஃப்ரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால், சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையில், கிரைண்டருக்கு அடியில், ஃபால்ஸ் சீலிங் மேல் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இப்போது எங்களுக்கு வருகிறவர் முதல் நாள் ஒரு மணி நேரம் எந்தப் புட்டியையும் திறக்கவில்லை. ஃப்ரிட்ஜின் ரப்பர் பட்டையை விரலால் விலக்கி, மிளகுத்தூள் தூவியதுபோல் கிடந்த கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார். "அக்கா, இது சின்ன ஜாதி. சாக்கடையிலேர்ந்து வர்றது இல்ல, உள்ளேயே குடும்பம் நடத்துது" என்றார். அன்றுதான் கரப்பானிலும் வகை உண்டு, வகைக்கு ஏற்ப வைத்தியம் மாறும் என்று எனக்குத் தெரிந்தது. என்ன பூச்சி, எங்கே தங்குகிறது, எந்த வழியாக வருகிறது: இந்த மூன்றையும் சொல்ல முடியாதவரிடம் விலை பேச வேண்டாம்.

2. உரிமத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நம் நாட்டில் பூச்சிமருந்துத் தொழிலை 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. காசு வாங்கிக்கொண்டு மருந்து அடிப்பவருக்குத் தனி உரிமம் வேண்டும். கர்நாடகத்தில் அதைக் கொடுப்பது மாநில வேளாண்மைத் துறை. கடை வைக்க வாங்கும் டிரேட் லைசென்ஸ் வேறு, ஜி.எஸ்.டி. பதிவு வேறு, அவற்றைக் காட்டி "லைசென்ஸ் இருக்கு" என்பவர்கள் உண்டு. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பெயர் போட்ட தாளைத்தான் கேட்க வேண்டும். பெயர், முகவரி, செல்லுபடியாகும் தேதி மூன்றையும் பாருங்கள்.

அந்த உரிமத்துக்குப் பின்னால் படித்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் விதி. வேளாண்மையிலோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியலிலோ பட்டம். அதோடு மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற குறிப்பிட்ட நிறுவனங்களில் குறைந்தது 15 நாள் பயிற்சி. "உங்கள் நிறுவனத்தில் அந்தப் பயிற்சி பெற்றவர் யார்? அவரிடம் பேசலாமா?" என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் உடனே போனைக் கொடுக்கும். பெஸ்ட் கன்ட்ரோல்காரர்களின் சங்கத்தில் உறுப்பினர் என்பது கூடுதல் நம்பிக்கை தரலாம், உரிமத்துக்கு ஈடாகாது.

3. மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

"ஹெர்பல் மேடம், வாடையே இருக்காது" என்பது மருந்தின் பெயர் அல்ல. வாடை இருந்தால் வீரியம் என்பதும் கிடையாது, இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்பதும் கிடையாது. டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். லேபிளில் மருந்தின் வேதிப்பெயர், மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண், காலாவதித் தேதி, நஞ்சு முறிவு பற்றிய குறிப்பு எல்லாம் இருக்கும். ஒரு வண்ணக் குறியும் இருக்கும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், எல்லாவற்றிலும் குறைந்தது பச்சை. சமையலறைக்குள் சிவப்பையோ மஞ்சளையோ கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வருகிற மருந்தை உள்ளே விடவே விடாதீர்கள்.

டைக்ளோர்வாஸ் என்ற மருந்தை இன்னும் சிலர் பழக்கத்தில் கேட்கிறார்கள், கரப்பான் கொத்துக் கொத்தாக விழும் என்று. 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் அதற்குத் தடை. அதைத் தருகிறேன் என்பவர் வேறு எதையும் முறையாகச் செய்ய மாட்டார்.

4. கரப்பானுக்கு ஸ்ப்ரேயா, ஜெல்லா?

சமையலறையில் பெருகும் சின்னக் கரப்பானுக்கு ஜெல் வைப்பதுதான் முதல் வழி. இமிடாகுளோபிரிட் அல்லது ஃபிப்ரோனில் கலந்த பசையைக் கீல்களிலும் இடுக்குகளிலும் சிறு பொட்டாக வைப்பார்கள். தின்ற கரப்பான் கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஸ்ப்ரேயில் வரும் மருந்துகள் பலவற்றுக்கு விரட்டும் குணம் உண்டு. கூட்டைத் தொடாமல் மேலாக அடித்தால் பூச்சி இடம் மாறும். என் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்த கதை அதுதான். ஜெல் வைத்த இடத்தின் மேலேயே ஸ்ப்ரேயும் அடிப்பவருக்குத் தொழில் தெரியவில்லை. ஸ்ப்ரே பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது.

பெண் கரப்பான் ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டை வரை சுமக்கும். பைக்குள் மருந்து போகாது. ஆகவே ஒரே தடவையில் தீர்த்துவிடுவேன் என்பது பொய். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி வருவதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். ஜெல் வைத்த மறுநாள் எங்கள் வேலைக்காரம்மா அழுக்கென்று நினைத்து எல்லாப் பொட்டுகளையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கே வைத்திருக்கிறது, எதைத் துடைக்கக் கூடாது என்பதை வேலையாட்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட்டுப் போகிறவர் வேண்டும். நம் பக்கத்தில் கன்னடம், தமிழ், ஹிந்தி மூன்றும் தேவைப்படும்.

5. எலி மருந்தில் அவசரப்படாதீர்கள்.

2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் பக்கத்தில் நடந்ததைத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எலித் தொல்லைக்கு நிறுவனம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து வீட்டுக்குள் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு அறையை மூடி ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் 6 வயதுப் பெண் குழந்தையும் 1 வயது ஆண் குழந்தையும் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். படித்தவர்கள், காசு கொடுத்து முறையாக ஆள் வைத்துச் செய்தவர்கள். எந்த மருந்து, எங்கே, எவ்வளவு, அந்த அறையில் மனிதர் தூங்கலாமா என்ற நாலு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பி.ஜி. நடத்துகிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். உங்கள் கட்டடத்தில் ராத்திரி அறுபது, எழுபது பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

என் விதி இது: சமையல், சாப்பாடு, படுக்கை உள்ள இடத்துக்குள் எலி விஷம் கிடையாது. உள்ளே கூண்டும் பொறியும் மட்டும். விஷக் கட்டி வைப்பதென்றால் கட்டடத்துக்கு வெளியே, சுவரோரமாக, பூட்டிய பெட்டிக்குள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இருக்க வேண்டும், அந்த எண்ணைக் காட்டும் வரைபடம் என்னிடம் இருக்க வேண்டும். வழக்கமாக வைக்கும் புரோமாடியலோன் கட்டி ரத்தம் உறையாமல் செய்து கொல்லும். எலி தின்ற உடனே சாகாது, சில நாள் ஆகும். அதற்குள் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய்ச் செத்தால் அலுவலகம் முழுக்க நாற்றம் எடுக்கும். செத்த எலியை எடுப்பது யார் பொறுப்பு என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒட்டுப் பலகை வேண்டாம் என்று விலங்கு நல வாரியமே அறிவுறுத்தியிருக்கிறது. உயிரோடு துடிக்கும் எலியை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதும் கொடுமை.

6. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும் மாத்திரை அது. தானியக் கிடங்குகளில், அரசு அங்கீகரித்த நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்துவதற்கு உரியது. அந்த வாயுவுக்கு முறிவு மருந்து இல்லை. ஆள் இருக்கிற கட்டடத்தில் மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ அதை வைக்கக் கூடாது. பக்கத்து அறைக்கும் வாயு போகும்.

7. ஓட்டையை அடைக்கச் சொல்கிறாரா?

எனக்குத் தெரிந்து நல்லவரைக் கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியில் புகுந்துவிடும், ஒரு பென்சில் நுழைகிற இடம் போதும். எங்கள் மெஸ்ஸில் ஷட்டருக்குக் கீழே விரல் அளவு இடைவெளி இருந்தது. அதற்கு ரப்பர் பட்டை, சாக்கடை வாய்க்குக் கம்பி வலை, குழாய் ஓட்டைக்கு இரும்பு நாரும் சிமென்ட்டும் என்று நம்மாள் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அந்தப் பட்டியலில் அவருக்கு ஒரு ரூபாய் வருமானம் இல்லை. அதைச் செய்த பிறகு உள்ளே எலி வருவது நின்றது.

இந்த ஊர் அமைப்பையும் மனதில் வையுங்கள். 1970களில் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் எடுத்துத் தொடங்கிய பேட்டை இது. உள்ளே அகலச் சாலையும் புல்வெளியும் உள்ள வளாகங்கள். அவற்றைச் சுற்றி, நாங்கள் இருக்கிற நெருக்கமான தெருக்கள், காலி மனைகள், ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் மழைநீர்க் கால்வாய்கள். பெருச்சாளிக்கு இது எல்லாம் ஒரே ஊர். பேட்டைக்குள் சாக்கடையும் குப்பையும் எல்சிட்டா என்ற தொழில்நகர ஆணையத்தின் பொறுப்பு, வெளியே உள்ளாட்சியின் பொறுப்பு. எந்தப் பக்கத்தில் புகார் கொடுப்பதென்று உங்கள் பெஸ்ட் கன்ட்ரோல்காரருக்குத் தெரிந்திருந்தால் அவர் இந்தப் பகுதியில் உண்மையாகவே வேலை செய்திருக்கிறார்.

சிங்கேன அக்ரஹாரா பழ மார்க்கெட்டிலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளைக் கடைக்குள் அடுக்காதீர்கள். அட்டையின் மடிப்புக்குள் கரப்பான் முட்டை வரும். சாமானை வாசலிலேயே கூடைக்கு மாற்றுங்கள்.

8. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு.

எலியின் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கொறித்துக்கொண்டே இருக்கும். வயரில் தின்ன ஒன்றும் இல்லை என்பது அதற்குப் பொருட்டல்ல. சர்வர் அறைக்குள் திரவம் தெளிப்பவரை விடாதீர்கள். கேபிள் நுழையும் வழிகளை அடைப்பதும் பொறி வைப்பதும்தான் அங்கே வேலை. மேசையில் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லும் கண்டிப்பான ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

9. கொசுவுக்குப் புகை மட்டும் போதாது.

புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவைத் தொடாது. டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். மொட்டைமாடித் தொட்டி, ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, பழைய டயர், செடித்தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர விடுபவர்களுக்கு அபராதமும் வைத்தது: நகர்ப்புறத்தில் வீட்டுக்கு 400 ரூபாய், கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு 1,000 ரூபாய், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கு 2,000 ரூபாய்.

10. பி.ஜி.யில் மூட்டைப்பூச்சி.

ஒரு கட்டிலுக்கு மட்டும் அடித்துப் பயனில்லை. இரு பக்கத்து அறைகளையும் மேல், கீழ் அறைகளையும் பார்க்க வேண்டும். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுமுறை. பிள்ளைகளுக்கு முந்தைய நாளே சொல்லி, அறையைக் காலி செய்து, எப்போது திரும்பி வரலாம் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக் கதவில் ஒட்டுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள் இங்கே அதிகம். எல்லா அறைக் கதவையும் தட்டிப் பார்க்காமல் மருந்தைத் தொடக்கூடாது.

11. கரையானுக்கு விலை கேட்கும்போது துளைக் கணக்கைக் கேளுங்கள்.

கட்டி முடித்த கட்டடத்துக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்குவது அதில் உள்ள முறை. மேலாக அடித்துவிட்டு ஐந்து வருட வாரண்டி எழுதிக் கொடுப்பவரிடம் "எத்தனை துளை?" என்று மட்டும் கேளுங்கள்.

12. உணவுத் தொழில் என்றால் காகிதம் முக்கியம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளின் நான்காம் அட்டவணையில் பூச்சிக் கட்டுப்பாடும் வருகிறது. ஒவ்வொரு வருகைக்கும் தேதி, மருந்தின் பெயர், அளவு, இடம், வந்தவர் கையெழுத்து கொண்ட தாள் வேண்டும். "எல்லா இடமும் அடித்தாச்சு" என்று ஒரே வரியில் எழுதிய தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

13. மருந்து அடிக்கும் பையனின் கையைப் பாருங்கள்.

கையுறை இல்லாமல், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. நாள் முழுக்க அதே மருந்து அவர்கள் உடம்பில். தன் ஆளுக்கு நல்ல முகமூடி வாங்கித் தராத நிறுவனம் உங்கள் சமையலறைக்காகக் கவலைப்படாது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் வந்தால் நான் வேலையைத் தொடங்க விடுவதில்லை. மாதம் ஒரு புது ஆள் வந்தாலும் காரணம் கேளுங்கள். வருகிறவர் மாறிக்கொண்டே இருந்தால் உங்கள் இடம் யாருக்கும் தெரியாமலே போகும்.

14. விலை பேசும்போது.

மூன்று பேரிடம் விலைப்பட்டியல் வாங்குங்கள். 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, வருடத்துக்கு எத்தனை வருகை, நடுவில் கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், அதற்குத் தனிக் காசா, விபத்து நடந்தால் காப்பீடு இருக்கிறதா என்பவற்றை எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாரையும்விடப் பாதி விலைக்கு வருபவர் மருந்திலோ நேரத்திலோ குறைப்பார். முழு வருடப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். ஒரே கட்டடத்தில் நாலு கடை இருந்தால் நாலு பேரும் சேர்ந்து ஒருவரையே வைப்பது நல்லது. எங்கள் கீழ்த்தளத்து பேக்கரிக்காரரும் நானும் அப்படித்தான் செய்கிறோம். முன்பு அவர் அடித்தால் என்னிடம் வரும், நான் அடித்தால் அவரிடம் போகும்.

15. பாம்பு இந்தக் கணக்கில் வராது. மழை முடிந்ததும் காலி மனைகளிலிருந்து சாரைப்பாம்பு எலியைத் தேடி உள்ளே வரும். அதைப் பிடிக்கவும் கொல்லவும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அனுமதிக்காது. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

16. வேலை நடக்கும் நாளில் பயன்படுத்திய மருந்தின் லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள். யாருக்காவது வாந்தி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் என்றால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108ஐக் கூப்பிட்டு, மருத்துவரிடம் அந்தப் போட்டோவைக் காட்டுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாதீர்கள்.

17. முதல் மூன்று மாதம் எண்ணிப் பாருங்கள்.

கரப்பானுக்கான சிறு ஒட்டு அட்டைகள் கிடைக்கின்றன. ஃப்ரிட்ஜ் பின்னால், சிங்க் அடியில், ஸ்டோர் ரூமில் என்று ஆறு இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்து எண்ணி, அட்டையின் பின்னால் தேதியும் எண்ணிக்கையும் எழுதுங்கள். எங்கள் ஸ்டோர் ரூம் அட்டையில் முதல் வாரம் 41 இருந்தது, மூன்றாம் மாதக் கடைசியில் 2. அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிற நாளில் அந்த டப்பாவைத்தான் மேசை மேல் வைப்பேன்.